தூய்மையும் ஐயமும்: இஸ்லாமியச் சட்ட நூல்களில் வஸ்வாஸ்

இமாம் மாலிக் (இறப்பு கி. பி. 795) தொகுத்த 'முவத்தா' என்னும் நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி காணப்படுகின்றது. கலீஃபா உமர் (ஆட்சி 634–644) சிலரோடு வழிச் செல்லுகையில் நீர்த்தொட்டி ஒன்றை அடைந்தார். உடன் சென்றாருள் ஒருவராகிய அம்ர் இப்னுல் ஆஸ் என்பார், கொடிய விலங்குகள் இங்கு வந்து நீர் பருகுவது உண்டோ எனத் தொட்டிக்கு உரியவனை வினவினார். உமர் இடைமறித்து, அதனை எங்கட்கு அறிவிக்க வேண்டா என்று அவ்வுரியவனிடம் கூறினார். விலங்குகள் வந்துபோன நீருக்கு நாமும், நாம் வந்துபோன நீருக்கு அவையும் வருதல் இயல்பே என்றும் சொன்னார்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு அம்ரின் வினாவே பக்தி மிக்கதாகத் தோன்றும். தொழுகைக்குத் தூய நீர் வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. நீர் தூயதோ அன்றோ என ஆராய்தல் அக்கட்டளையைப் போற்றுவதே அன்றோ? அவ்வாறாயின் உமர் அறிய மறுத்தது ஏன்? மறுத்ததோடு அமையாது, பிறன் அறிவிப்பதையும் தடுத்தது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடிய சட்ட அறிஞர்தம் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். தூய்மை பற்றிய விதிகளின் நுணுக்கமே மக்கள் உள்ளத்தில் ஐயநோயை விளைத்தது என்பாரும் உளர். அவ்விதிகளுக்கும் அந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்பாரும் உளர். பழைய நூல்களைப் பயில்வார்க்கு இருதிறத்தார் கூற்றும் முழுமையுடையன அல்ல என்பது புலப்படும். விதியே ஐயத்திற்கு இடந்தரக்கூடும் என்பதை அவ்விதிகளை வகுத்தவர்களே கண்டறிந்தனர். கண்டறிந்து, அறவுரையால் மட்டுமன்றிச் சட்டத்தாலேயே அதற்கு எல்லையும் கட்டினர்.

முதற்கண் சொல்லை நோக்குதல் தகும். இவ்வகை ஐயத்தை அரபு மொழி 'வஸ்வாஸ்' அல்லது 'வஸ்வஸா' என்று வழங்கும். தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் 'வஸ்வாஸ்' என்ற சொல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இச்சொல் ஒலிக்குறிப்பின் அடியாகப் பிறந்தது. மெல்லிய ஒலி, அணிகலன் அசைவால் எழும் அரவம் ஆகியவற்றை முதலிற் சுட்டிப் பின்னர் உள்ளத்துள் எழும் மந்தணக் குரலைக் குறிக்கலாயிற்று. 'வஸ்' என்னும் அசை இரட்டித்து நின்று பொருள் தருதல் நம் இரட்டைக்கிளவியை ஒத்துள்ளது. 'கிசுகிசு' என்பதை நாம் எவ்வாறு பிரித்துப் பொருள் காண்பதில்லையோ அவ்வாறே இதுவும். அன்றியும், அந்நோயின் இயல்பாகிய மீண்டும் மீண்டும் வருதலைச் சொல்லின் வடிவமே காட்டி நிற்கின்றது. திருக்குர்ஆனின் இறுதி அதிகாரம் மனிதர் நெஞ்சில் மந்தணம் ஓதுவோனிடமிருந்து காக்குமாறு இறைவனை இறைஞ்சும் வேண்டுதலாக அமைந்தது. ஆண்டு இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது.

தொழுகைக்கு முன் முகம், கைகள் முதலியவற்றைக் கழுவும் 'ஒளு', சில நிலைகளில் கடமையாகும் குளிப்பு, உடல் உடை இடம் ஆகியவற்றில் 'நஜீஸ்' எனப்படும் அழுக்குப் படாதிருத்தல் ஆகிய மூன்றும் தொழுகை செல்லுபடியாதற்கு உரிய முன்நிலைகள். இவற்றுள் யாதானும் குறைவுபடின் தொழுகை நிறைவேறாது. எனவே, கை முழுதும் நனைந்ததா, வாயு பிரிந்ததா, ஆடையில் துளி தெறித்ததா என்னும் வினாக்கள் வழிபாட்டின் அடித்தளத்தையே தொடுவன. நாள்தோறும் ஐவேளையும் எழத்தக்க வினாக்கள் இவை. நபிகள் நாயகத்தின் காலத்திலேயே இச்சிக்கல் தோன்றியமைக்குச் சான்று உண்டு. தொழுகையின் நடுவே தன் தூய்மை முறிந்ததாக எண்ணி மயங்குவோன் ஒருவனைப் பற்றி அவரிடம் முறையிடப்பட்டது. ஓசை கேட்டாலன்றி, அல்லது நாற்றம் உணர்ந்தாலன்றித் தொழுகையை விட்டு அவன் நீங்க வேண்டா என அவர் விடை பகர்ந்தார். புகாரி, முஸ்லிம் என்னும் இருபெருந் தொகுப்புகளிலும் இடம்பெற்ற இவ்விடை, பின்வந்த சட்டச் சிந்தனை அனைத்திற்கும் ஊற்றுக்கண் ஆயிற்று. ஒளுவுக்கு 'வலஹான்' என்னும் பெயருடைய ஷைத்தான் ஒருவன் உளன் என்னும் செய்தியும் திர்மிதியின் தொகுப்பில் வருகின்றது. ஆயின் அதன் அறிவிப்பாளர் தொடர் வலிமையற்றது எனத் திர்மிதியே குறித்துள்ளார். வலிமையற்ற செய்தியாயினும், மயக்கத்தைக் குறிக்கும் வேர்ச்சொல்லினின்று இப்பெயர் அமைந்திருத்தல் அக்கால மக்கள் இந்நிலையை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

நபிகள் நாயகம் ஒளுவுக்குப் பயன்படுத்திய நீர் ஒரு 'முத்து' அளவினது என்பர். முத்தென்பது நடுத்தர உடற்கட்டுடையான் இருகையும் சேர்த்து ஒருமுறை அள்ளும் அளவு. குளிப்புக்கு அதனைப் போல் நான்கு அல்லது ஐந்து மடங்கே அவர் கொண்டார். வஸ்வாஸைக் கண்டித்து எழுதினார் அனைவரும் இவ்வளவைத் தவறாது எடுத்துக்காட்டுவர். குடங்குடமாக நீரைக் கொட்டியும் மனம் நிறையாதவன் யாரைப் பின்பற்றுகின்றான் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

நீரின் அளவு வேறொரு வகையிலும் சட்ட நூல்களிற் பேசப்படும். அதுவே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. நஜீஸ் விழுந்த நீர் எப்பொழுது தூய்மை கெடும்? மாலிக்கின் நெறியினர், நிறம் சுவை மணம் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலன்றி நீர் கெடாது என்பர். ஷாஃபி நெறியினர், 'குல்லத்தைன்' எனப்படும் இரண்டு பெருஞ்சாடி அளவுக்குக் குறைந்த நீர், சிறிது நஜீஸ் பட்ட அளவிலேயே கெடும் என்பர். அவ்வளவு 500 பாக்தாத் ராத்தல்; இக்கால அளவில் 200 லிட்டரை ஒட்டியது. ஹனஃபி நெறியின் பிற்கால அறிஞர், பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் உடைய நீர்ப்பரப்பை எல்லையாகக் கொண்டனர். ஷாஃபி நெறியைக் கைக்கொள்வோன் வீட்டுக் குடத்துநீர் இரண்டு குல்லாவினும் குறைந்ததாகவே இருக்கும். அதில் குழந்தை கைவிட்டதா, பறவை எச்சமிட்டதா என்னும் எண்ணம் எழுந்துவிட்டால் அதற்கு முடிவு ஏது?

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (1058–1111) எழுதியது வியப்பளிப்பதாகும். அவர் ஷாஃபி நெறியின் தலைசிறந்த சட்ட அறிஞருள் ஒருவர். பாக்தாத் நிஜாமிய்யாக் கல்லூரியில் அந்நெறியைப் பயிற்றியவர். 1095இல் அப்பதவியைத் துறந்தபின் அவர் இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில், தூய்மையின் மறைபொருள் பற்றிய பகுதியில், இம்மட்டில் ஷாஃபியின் கொள்கை மாலிக்கின் கொள்கையைப் போன்றிருத்தல் வேண்டுமெனத் தாம் விழைந்ததாக வெளிப்படையாகக் கூறுகின்றார். வஸ்வாஸ் கிளர்ந்தெழும் இடமே இரண்டு குல்லா என்னும் கட்டுப்பாடுதான் என்பது அவர் கருத்து. பின்னர்ச் சான்றுகளை அடுக்குகின்றார். அக்கட்டுப்பாடு மெய்யாகவே வேண்டியதாயின் மக்காவும் மதீனாவுமே தூய்மை பேணுதற்கு மிக அரிய ஊர்களாக இருந்திருக்கும். ஓடுநீரோ பெருநீரோ அங்கு மிகுதியாக இல்லை. ஆயினும் நபித்தோழர் தம் நீர்க்கலங்களைக் காத்த முறை பற்றி எவரும் வினவியதாகச் செய்தி இல்லை. அக்கலங்களைச் சிறுவரும் பணிப்பெண்டிரும் கையாண்டனர். உமர் கிறித்தவப் பெண்ணொருத்தியின் குடத்து நீரால் ஒளு செய்தார். பூனை பருகுதற்கு நபிகள் நாயகம் கலத்தைச் சாய்த்துப் பிடித்தார். குளியற் கூடங்களில் சிறு தொட்டிகளில் மாறிமாறிக் கையிட்டு மக்கள் பன்னெடுங்காலம் குளித்தனர்.

தம் நெறியின் விதியொன்றே தம் மக்களின் துன்பத்திற்கு வாயில் என ஒருவர் ஏற்றுக்கொள்ளுதல் எளிதன்று. கஸ்ஸாலி அதனைச் செய்தார். எனினும் அவர் நெறி மாறினார் அல்லர்; ஷாஃபி நெறியும் அவ்விதியைக் கைவிடவில்லை. அவர் கூற்று விதியை மாற்றாது அதன் விளைவைச் சுட்டிக்காட்டிய அளவில் நின்றுவிட்டது. ஆயினும் அவர் அத்துடன் அமையாது, முற்காலத்தார் உள்ளத் தூய்மைக்கு உழைத்துப் புறத் தூய்மையில் எளிமை காட்டினர். தம் காலத்தாரோ புறத்தை ஒப்பனை செய்து அகத்தைப் பாழாக விட்டனர் என வருந்துகின்றார். முன்னோர் வெறுநிலத்தில் தொழுததையும் வெறுங்காலோடு நடந்ததையும் நினைவூட்டுகின்றார். இவ்வருத்தத்தில் ஒரு துறவியின் குரல் கேட்கின்றது. முன்னே காட்டிய நீர்ச்சான்றுகளில் கேட்பது ஒரு நீதிபதியின் குரல். இரண்டனுள் பின்னதே வலியது என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

கஸ்ஸாலிக்கு முன்னரே இப்பொருளில் தனிநூல் எழுந்துவிட்டது. அவருடைய ஆசிரியராகிய இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனியின் தந்தையார் அபூ முஹம்மது அல்ஜுவைனி (இறப்பு 1047), வஸ்வாஸ் பற்றி 'தப்ஸிரா' என்னும் நூலை இயற்றினார். உரிய முன்னெச்சரிக்கை எது, வஸ்வாஸ் எது எனப் பிரித்தறிவதே அந்நூலின் நோக்கம். இவ்வேறுபாடே சிக்கலின் உயிர்நிலை. ஏனெனில் வஸ்வாஸுக்கு ஆட்பட்டோன் தன்னைப் பேணுதலுடையோன் என்றே கருதுகின்றான். அந்நூற் கருத்துகளை இமாம் நவவி (இறப்பு 1277) தம் 'மஜ்மூ' என்னும் பேருரையில் எடுத்தாண்டுள்ளார். புத்தாடையை வாங்கியவுடன் ஐயத்தால் கழுவுவோரும், ரொட்டி தின்றபின் வாயைக் கழுவுவோரும் அங்குக் கண்டிக்கப்படுகின்றனர். ரொட்டிக்கு வாய் கழுவுவானேன்? கோதுமைக் களத்தில் சூடு மிதிக்கும் மாடுகள் கதிர்மீதே சிறுநீரும் சாணமும் கழிக்கும். அக்கோதுமையே மாவாகி ரொட்டியாயிற்று என்பது அவர்கள் வாதம். மாடு கட்டிப் போரடித்த களத்தைக் கண்ட நம்மவர்க்கு இவ்வாதம் புதுமையன்று. அதனைப் பொய்யென்றும் சொல்லல் இயலாது. மாடு அவ்வாறு செய்வது உண்மையே. ஆயின் கைக்கு வந்த இந்த ரொட்டியின் இந்தத் துணுக்கில் அது பட்டது என்பதற்குச் சான்று இல்லை. முன்னோர் இதனைச் செய்திலர். செய்யாமை அறியாமையாலும் அன்று. பொதுவான வாய்ப்பு ஒன்று, குறித்த பொருள் பற்றிய அறிவு வேறொன்று எனப் பிரித்துக் காணும் கூர்மை ஈண்டு வெளிப்படுகின்றது.

ஹன்பலி நெறியினர் இப்பொருளில் கடுமொழியே மிகுதியும் வழங்கினர். பாக்தாதின் இப்னு அகீல் (இறப்பு 1119) பற்றி இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) தம் 'தல்பீஸு இப்லீஸ்' என்னும் நூலில் ஒரு செய்தி தருகின்றார். பலமுறை நீரில் மூழ்கியும் தன் குளிப்பு நிறைவேறியதோ என ஐயுறுவதாக ஒருவன் வந்து முறையிட்டான். இப்னு அகீல், நீ செல்லலாம், உனக்குத் தொழுகைக் கடமை இல்லை என்றார். அவன் திகைத்துக் காரணம் கேட்டான். பித்துக்கொண்டோன் தெளியும்வரை அவன் செயல் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. பன்முறை நீரில் மூழ்கியும் நீர் தன்மேற் பட்டதோ என ஐயுறுவோன் பித்தனே என விடையிறுத்தார். இதனை நகையாட்டாகக் கொள்வார் பலர். நகையினூடே நுட்பமான தருக்கமும் உண்டு. அம்மனிதன் அஞ்சியது தொழுகை தவறிவிடுமோ என்பது. தொழுகையே உன்மேல் இல்லை என்ற விடை அவ்வச்சத்தின் வேரை அறுக்கின்றது. அவன் தன்னைப் பித்தன் என ஏற்கவும் மாட்டான். ஏலாதாயின் தன் கண்ணை நம்பியாக வேண்டும்.

டமாஸ்கசில் வாழ்ந்த இப்னு குதாமா (இறப்பு 1223) வஸ்வாஸுடையோரைக் கண்டித்துத் தனிநூல் செய்தார். அதன் பெரும்பகுதியை இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) தம் 'இகாஸத்துல் லஹ்ஃபான்' என்னும் நூலுள் எடுத்துச் சேர்த்து விரித்தமையால் அது பரவிற்று. உறுப்பைக் கழுவுவதைத் தன் கண்ணாற் கண்டும், ஓதுவதைத் தன் காதாற் கேட்டும், பின்னர் அவற்றையே செய்யவில்லையென ஐயுறுவோன், புலப்படும் பொருள்களின் உண்மையை மறுக்கும் சோஃபிஸ்டு வாதியரை அணுகிவிட்டான் என்பது அவர்தம் கூற்று. வழிபாட்டுச் சிக்கலை அறிவுக்கொள்கைச் சிக்கலாக மாற்றிய இவ்வொப்புமை ஆழமுடையது. ஆயினும் அந்நூல் ஷைத்தானுக்குக் கீழ்ப்படிந்தோன் எனக் குற்றஞ்சாட்டும் தொனியிலேயே பெரிதும் செல்கின்றது. துன்புறும் ஒருவன் அதனைப் படித்து ஆறுதல் பெறுவான் என்று தோன்றவில்லை.

வஸ்வாஸ் குற்றமா, நோயா? இவ்வினாவை முன்னரே எழுப்பியவர் பல்கு நகரைச் சேர்ந்த அபூ ஸைது அல்பல்கி (இறப்பு 934). உடலுக்கும் உள்ளத்திற்கும் உரிய நலன்கள் பற்றிய அவர் நூலின் உளப்பகுதி, வஸ்வாஸையும் மனத்துள் ஓடும் பேச்சையும் தனி இயலாக வைத்துப் பேசுகின்றது. அச்சம், துயரம், சினம் ஆகியவற்றினின்று வேறான நிலையாக இதனை அவர் கொண்டார். அவருடைய விளக்கத்தில் ஷைத்தானுக்கும் இடமுண்டு; உடலின் பித்தத்திற்கும் இடமுண்டு. தனிமையைத் தவிர்த்தல் அவர் கூறும் மருந்துகளுள் ஒன்று. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்நூலின் படிப்பதிப்பு 1984இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளிவந்தது. அதன்பின் உளமருத்துவர் சிலர் இதனை இக்கால நோய்வரையறைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர். சட்ட அறிஞர்கள் அல்பல்கியின் வழியைப் பின்பற்றினர் என்று சொல்லுதற்கில்லை. மருத்துவமும் சட்டமும் தனித்தனி ஆறுகளாகவே ஓடின.

சட்ட அறிஞர் கண்ட தனிவழி, உறுதி ஐயத்தால் நீங்காது என்னும் பொதுவிதியாகும். ஷாஃபி நெறியின் சட்டம் முழுதும் நான்கு விதிகளில் அடங்கும் என்ற காழீ ஹுஸைன் (இறப்பு 1069) அவற்றுள் ஒன்றாக இதனை வைத்தார். சுயூத்தி (இறப்பு 1505) தம் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில் இதனை விரித்துரைத்தார். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' என்னும் உரிமையியற் சட்டத்தொகுப்பில் இது நான்காம் விதி ஆயிற்று. தொழுகையாளியின் ஆடை பற்றிய ஐயத்தில் தோன்றிய விதி, கடன் வழக்கிலும் காணாமற்போனோன் சொத்திலும் தீர்ப்பளிக்கும் விதியாக வளர்ந்தது.

இவ்விதியை இரக்கத்தின் பாற்பட்டதென மட்டும் கருதல் பிழையாம். ஒளு செய்ததை உறுதியாக அறிந்து, பின் முறிந்ததோ என ஐயுற்றால் ஒளு நிற்கும். முறிந்ததை உறுதியாக அறிந்து, மீண்டும் செய்தோமோ என ஐயுற்றால் ஒளு இல்லை. விதி இருபக்கமும் வெட்டும். அது கேட்பது ஒன்றே: நீ இறுதியாக உறுதிபட அறிந்தது யாது? உலகில் மெய்யாக நிகழ்ந்தது யாது என்பதை அது கேட்பதில்லை. தானறியாத துளி ஆடையிற் பட்டிருப்பினும் அவ்வறியாமைக்கு அவன் பழி சுமப்பதில்லை. முழு உண்மையை அறிந்து தீரவேண்டிய பளுவை மனிதன் தோளினின்று சட்டம் இறக்கி வைத்தது இவ்விடத்தேதான். எங்கட்கு அறிவிக்க வேண்டா என்ற உமரின் சொற்கும் பொருள் இதுவே.

மாலிக்கி நெறியினர் இதே விதியினின்று எதிர்மறையான முடிவுக்கு வந்தமை சுவையானது. ஒளு முறிந்ததோ என ஐயுறுவோன் மீண்டும் ஒளு செய்தல் வேண்டும் என்பது அவர்களிடை வழங்கும் கொள்கை. உறுதியாக உள்ளது தொழுகைக் கடமை; உறுதியான கடமையை ஐயத்துக்கிடமான ஒளுவால் தீர்த்தல் இயலாது என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். நீரில் எளிமை காட்டியவர்கள் ஒளுவில் கடுமை காட்டினர். ஆயினும் அவர்கள் 'முஸ்தன்கிஹ்' என ஒரு பிரிவினனை விலக்கினர்: நாள்தோறும் ஒருமுறையேனும் இவ்வையம் வந்து பற்றுவோனே அவன். அவன் தன் ஐயத்தைப் பொருட்படுத்தவே கூடாது. ஆகவே எப்போதோ ஐயுறுவோனுக்குக் கடுமையும், ஓயாது ஐயுறுவோனுக்கு விடுதலையும் கிடைத்தன. ஐயத்தின் பொருளைப் பாராது அது வரும் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்ப்பு வேறுபடுதல் நுண்ணிய உளநூலறிவு அன்றோ?

பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாஃபி அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைத்தமியிடம் வஸ்வாஸுக்கு மருந்து உண்டோ என வினவப்பட்டது. பயன்தரும் மருந்து ஒன்று உண்டு, அது முற்றாகப் புறக்கணித்தலே என அவர் தீர்ப்புரைத்தார். பொருட்படுத்தாதவனிடம் அது நிலைக்காது சிறிது காலத்தில் நீங்கும். செவிசாய்ப்பவனிடம் அது வளர்ந்து அவனைப் பித்தர் நிலைக்குத் தள்ளும் என்றும் விளக்கினார். மீண்டும் கழுவும் செயலைத் தடுத்து அச்சத்தைத் தானே தணியவிடும் இக்கால உளமருத்துவ முறையோடு இதனை ஒப்பிடுவார் உளர். ஒப்புமை உண்மையே. ஆயினும் இப்னு ஹஜர் பேசியது மருத்துவராக அன்று. புறக்கணிக்க உனக்கு உரிமை உண்டு என ஆணை தரும் முஃப்தியாகப் பேசினார். அஞ்சும் உள்ளத்திற்கு அவ்வாணையே தேவைப்பட்டது.

இப்னு ஹஜரின் மாணவராக அறியப்படும் ஸைனுத்தீன் மக்தூம், மலையாளக் கரையிலுள்ள பொன்னானி மரபினர். அவர் தம் நூலுக்குத் தாமே வரைந்த உரையாகிய 'ஃபத்ஹுல் முயீன்' ஷாஃபி நெறி வழங்கும் கரைகளெங்கும் பாடநூலாயிற்று. ஊர்ப்புறங்களில் ஹனஃபி நெறி மிக்கிருப்பினும், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழ்க் கடற்கரை ஊர்களில் ஷாஃபி நெறியே வழங்குதலின், அங்குள்ள மத்ரஸாக்களிலும் அந்நூல் பயிலப்படுகின்றது. நஜீஸ் பற்றிய பகுதியில் ஸைனுத்தீன் முதன்மையான விதி என ஒன்றை நிறுத்துகின்றார். இயல்பில் தூயதாகிய பொருள், அதனைப் போன்றவற்றில் அழுக்கு மிகுதியாகக் காணப்படுதலால் இதுவும் அழுக்குற்றிருக்கும் என எண்ண இடந்தரினும், தூயதென்றே கொள்ளப்படும். உறுதியாக அறிந்த மூலநிலையே செல்லும். கள் விற்போன் ஆடை, சிறுவர் ஆடை, சிறுவனின் வாய்நீர் ஆகியவை அவர் தரும் எடுத்துக்காட்டுகள். பன்றிக்கொழுப்பு இட்டு நெய்யப்படுவதாக ஊரெங்கும் பேசப்பட்ட கம்பளித் துணியும், பன்றியின் குடற்புளிப்பால் உறைய வைக்கப்படுவதாகப் பேசப்பட்ட ஷாம் நாட்டுப் பாலடைக்கட்டியும் அப்பட்டியலில் உள்ளன. பாலடைக்கட்டி பற்றி அவர் காட்டும் சான்று சிறியது: அந்நாட்டாரிடமிருந்து நபிகள் நாயகத்துக்கு அது வந்தது, அவர் அதனை உண்டார், எதனால் உறைந்தது என்று வினவவில்லை.